மேல்வரிசையில் கறுப்புக் கட்டம்: பிரெட்போர்டில் எழுத்து வராத ஒரு எல்சிடியின் கதை

பின்னணி

மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் ஒரு திருநெல்வேலிக் குடும்பத்தின் பையன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். மேல்தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை 16 எழுத்து, 2 வரி எல்சிடி திரையில் காட்டுவதுதான் அவனுடைய ப்ராஜெக்ட். தண்ணீர் நேரம் பார்த்து வருகிற இடத்தில் வளர்ந்தவன் என்பதால் தலைப்பை அவனே தேர்ந்தெடுத்திருந்தான்.

நண்பனிடம் இரவல் வாங்கிய ஆர்டுயினோ ஊனோ என்கிற ரெடிமேட் கன்ட்ரோலர் போர்டில் எல்லாம் ஒழுங்காக ஓடியது, எழுத்து பளிச்சென்று வந்தது. அப்புறம் இரண்டு நெருக்கடி சேர்ந்தாற்போல் வந்தன. போர்டை நண்பன் திருப்பிக் கேட்டான். கல்லூரியில் வழிகாட்டும் ஆசிரியர் "முழு போர்டை வைத்துக் கொண்டுவராதே, சிப்பை மட்டும் வைத்துச் செய்" என்றார். சரியான அறிவுரைதான், ஏனென்றால் அந்த ஊனோவின் மூளை ஏடிமெகா328பி என்கிற 28 கால் சிப் மட்டுமே. அதற்குக் கடிகாரத் துடிப்பு கொடுக்க ஒரு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு 22 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர், 5 வோல்ட் மின்சாரம் கொடுத்தால் பிரெட்போர்டில், அதாவது சோல்டர் இல்லாமல் வயரைச் செருகிச் சோதிக்கும் துளைப் பலகையில், தனியாகவே ஓடும்.

மாஹிமில் ரயிலேறி கிராண்ட் ரோட்டில் இறங்கி, லாமிங்டன் ரோட்டுக் கடையில் எல்லாவற்றையும் வாங்கி வந்தான். சிப்பைக் கொடுத்த கடைக்காரர் "பில்குல் நயா மால்" என்றாராம். அவர் சொன்னது உண்மை. பிற்பாடு நடந்த குழப்பத்தில் பாதிக்கு அந்தப் புதுசுதான் காரணம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை செயல்விளக்கம். அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பிரெட்போர்டோடு சயான் கோலிவாடாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். நான் தொழிற்சாலை கன்ட்ரோல் பேனல்கள் ரிப்பேர் பார்ப்பவன். அவன் அப்பாவுக்குத் தெரிந்தவன், அவ்வளவுதான் உறவு.

என்னிடம் வருவதற்கு முன் நடந்தவை

இதை நான் ஒரே மூச்சில் தெரிந்துகொள்ளவில்லை. இரவு பத்து மணிவரை துண்டு துண்டாகக் கேட்டதைத்தான் இங்கே நாள் வரிசையில் போட்டிருக்கிறேன். அன்றைக்கே இப்படிக் கேட்டு எழுதியிருந்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

புதன்: எல்சிடியின் வயர்களை சிப்பின் 12, 11, 5, 4, 3, 2 ஆகிய கால்களில் செருகினான். ப்ரோகிராமில் அந்த எண்கள்தான் இருந்தன. இந்த விஷயத்தில் புதிதாக இறங்குகிற கிட்டத்தட்ட எல்லோரும் விழுகிற குழி இது. ஊனோ போர்டில் அச்சிட்டிருக்கும் பின் எண் வேறு, சிப்பின் கால் எண் வேறு. போர்டின் 12 என்பது சிப்பின் 18ஆம் கால், 11 என்பது 17ஆம் கால், 5 என்பது 11ஆம் கால். மிச்சமுள்ள 4, 3, 2 மூன்றும் முறையே 6, 5, 4ஆம் கால்கள். வகுப்புத் தோழன் ஒருவன் கண்டுபிடித்துச் சொல்ல, மாற்றிவிட்டான்.

வியாழன்: சிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய், நண்பனின் ஊனோவை ப்ரோகிராமராக வைத்து, தன் லேப்டாப்பிலிருந்து ப்ரோகிராமை ஏற்றினான். ப்ரோகிராம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 19ஆம் காலில் ஒரு எல்இடி, 200 மில்லிவிநாடி எரிந்து 200 மில்லிவிநாடி அணைய வேண்டும். அதுவோ மூன்று விநாடிக்கு ஒருமுறை சோம்பேறித்தனமாக மாறியது. எல்சிடியில் ஒன்றுமே இல்லை. இணையத்தில் தேடி, "சிப் உள் கடிகாரத்தில் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, போர்டு தேர்வில் அதைச் சொல்லு" என்று படித்து, லேப்டாப்பில் அப்படியே மாற்றி மறுபடி ஏற்றினான். எல்இடி சரியாகிவிட்டது. எல்சிடி அப்படியே.

வெள்ளி: எல்சிடி செத்துவிட்டது என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கினான். இரவு மொத்த பிரெட்போர்டையும் வேறொரு தோழன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அந்தத் தோழன் "கிரிஸ்டல் வச்சுட்டு ஏன்டா உள் கடிகாரத்துல ஓட்டுற?" என்று கேட்டு, தன் லேப்டாப்பில் ஊனோ என்று தேர்ந்தெடுத்து 'பர்ன் பூட்லோடர்' (சிப்பில் ஆரம்ப ப்ரோகிராமை எழுதும் கட்டளை) கொடுத்தான். பிறகு நம் பையன் வழக்கம்போல் தன் லேப்டாப்பிலிருந்து ப்ரோகிராமை ஏற்றினான். அங்கே முதல்முறையாக எல்சிடியின் மேல்வரிசையில் பதினாறு கறுப்புக் கட்டங்கள் வந்தன. ரீசெட் கொடுத்தால் சில சமயம் இரண்டு மூன்று குப்பை எழுத்து. எல்இடி "அணையாமல் எரிந்தது." வீட்டுக்கு வந்து செருகினால் கட்டமும் போய்விட்டது.

மேசையில் கண்டது

என் மேசையில் அவனுடைய செல்போன் சார்ஜரைச் செருகியதும் எல்சிடியின் பின்விளக்கு மங்கலாக எரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. புது எல்சிடியை விரலால் அழுத்தினால் விளக்கு கூடிக் குறைந்தது.

"அண்ணே, டிஸ்ப்ளேதான் போச்சுன்னு நெனைக்கேன். ஞாயித்துக்கெழமை கடை இருக்காதுல்லா?"

இருக்காதுதான், லாமிங்டன் ரோட்டில் ஞாயிறு பெரும்பாலான ஷட்டர் இறங்கியிருக்கும். ஒருவிதத்தில் அது நல்லதாகப் போயிற்று. கடை திறந்திருந்தால் மூன்றாவது எல்சிடி வாங்கியிருப்பான்.

முதல் முடிவு: எல்சிடியைக் கழற்றி ஓரம் வை

வயர் எங்கெங்கே போகிறது என்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு எல்சிடியைக் கழற்றச் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை, டிஸ்ப்ளே கோளாறுக்கு வந்தவனிடம் டிஸ்ப்ளேயைத் தூக்கி வை என்றால் யாருக்குப் பிடிக்கும். என் கணக்கு இதுதான்: மின்சாரம், கிரவுண்டு, சிப்பின் கடிகாரம், ப்ரோகிராம், வயர், கான்ட்ராஸ்ட் இத்தனையும் சரியாக இருந்தால்தான் அந்தத் திரையில் எழுத்து வரும். ஒன்று கெட்டாலும் பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அதைவிட எல்இடி நேர்மையான சாட்சி.

மல்டிமீட்டரை எடுத்து சிப்பின் 7ஆம் காலுக்கும் (5 வோல்ட்) 8ஆம் காலுக்கும் (கிரவுண்டு) நடுவே வைத்தேன். 3.6 வோல்ட். 5 வோல்ட் சார்ஜரிலிருந்து எப்படி 3.6? வயரைப் பிடித்துக்கொண்டே போனால் நடுவில் ஒரு 7805, கூடுதல் வோல்டேஜை 5க்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர், உட்கார்ந்திருந்தது. எங்கேயோ பார்த்த சர்க்யூட்டில் 7805 இருந்தது, இவனும் போட்டுவிட்டான். 7805 வேலை செய்ய, உள்ளே வருகிற வோல்டேஜ் வெளியே போவதைவிட ஏறக்குறைய 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த சர்க்யூட்டில் 9 வோல்ட் அடாப்டர் இருந்திருக்கும். ஏற்கெனவே 5 வோல்ட்டாக வருவதை அதற்குள் விட்டால் அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தரும்.

வியாழக்கிழமை எல்சிடி ஏன் வெறிச்சோடிக் கிடந்தது என்பது இதில் தெளிவானது. 5 வோல்ட்டுக்கான எல்சிடிக்கு 3.6 கொடுத்தால் கான்ட்ராஸ்ட் பிரீசெட்டை (எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) எந்தப் பக்கம் திருப்பினாலும் கட்டம்கூடத் தெரியாது. தோழன் வீட்டில் கட்டம் வந்ததற்குக் காரணம், அங்கே மின்சாரம் நேராக ஊனோவின் 5 வோல்ட்டிலிருந்து போயிருக்கிறது. சிப்புக்கும் இது ஆகாது, 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட வேண்டுமென்றால் அதன் டேட்டாஷீட் கணக்குப்படி குறைந்தது சுமார் 3.8 வோல்ட் வேண்டும். 7805ஐப் பிடுங்கிவிட்டு சார்ஜரை நேராகக் கொடுத்தோம். 5.0 வந்தது.

அடுத்து 20ஆம் கால், சிப்புக்கு மின்சாரம் போகிற இன்னொரு கால். அதிலும் 5 இருக்க வேண்டும், 4.3தான் இருந்தது. எல்சிடியின் ஆர்டபிள்யூ கால் செருகியிருந்த துளைக்கும் சிப்பின் 8ஆம் காலுக்கும் நடுவே பீப் வைத்துப் பார்த்தால் சத்தம் இல்லை. 20ஆம் காலின் வயரும் ஆர்டபிள்யூ வயரும் பிரெட்போர்டு ஓர வரிசைகளின் கீழ்ப்பாதியில் இருந்தன. நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்து சிவப்பு, நீல வரிசைகள் நடுவில் துண்டாகியிருக்கும், கோடும் அங்கே விட்டுப்போயிருக்கும், கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதாவது ஆர்டபிள்யூ கிரவுண்டில் இருப்பதாக அவன் நினைத்தது அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கால் கிரவுண்டில் இருந்தால் எல்சிடி நாம் எழுதுவதைக் கேட்டுக்கொள்ளும். மேலே ஏறினால் தான் படித்துக்காட்ட வேண்டும் என்று நினைத்து டேட்டா வயர்களில் சிப்போடு மல்லுக்கட்டும். இரண்டு ஜம்பரால் வரிசைகளை இணைத்தோம். 7-8 கால்களுக்கு நடுவிலும் 20-22 கால்களுக்கு நடுவிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று செருகினேன், ரீசெட் காலுக்கு 10 கிலோஓம் ஒன்றை 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டினேன்.

என் தவறு

இந்த இடத்தில் நான் நாற்பது நிமிடம் வீணடித்தேன்.

எல்இடி "அணையாமல் எரியுது, ப்ரோகிராம் தொங்கிருச்சு" என்று அவன் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. தொங்குகிறதென்றால் கிரிஸ்டல் ஒழுங்காகத் துடிக்கவில்லை என்று நானே ஒரு கதை கட்டி, கிரிஸ்டலை மாற்றி, 22 பிக்கோஃபாரட்களை மாற்றி, கால்களைக் குட்டையாக வெட்டி, சிப்புக்குக் கிட்டத்தில் நகர்த்தி, எல்லாம் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பையன் மரியாதைக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

எல்இடியைத் தூக்கி வேறு துளையில் வைக்கும்போதுதான் கண்ணில் ஏதோ உறுத்தியது. அறை விளக்கை அணைக்கச் சொன்னேன். எல்இடியை நீளமான இரண்டு ஜம்பரில் மாட்டி இருட்டில் பக்கவாட்டில் வீசினேன். தொடர்ந்து எரிகிற விளக்கு என்றால் காற்றில் ஒரே கோடாகத் தெரிய வேண்டும், இது புள்ளி புள்ளியாகக் கோடு போட்டது. ப்ரோகிராம் தொங்கவே இல்லை, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

எவ்வளவு வேகம் என்று அளக்க ஆஸிலோஸ்கோப் வேண்டியதில்லை. வேறு எதுவும் இல்லாத ஒரு சின்ன ப்ரோகிராமில் டிலேயை, அதாவது காத்திருப்பை, 16000 மில்லிவிநாடி என்று கொடுத்து அவன் லேப்டாப்பிலிருந்தே ஏற்றச் சொன்னேன். பதினாறு விநாடிக்கு ஒருமுறை மாற வேண்டிய எல்இடி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால், விநாடிக்கு ஒருமுறை மாறியது. சரியாகப் பதினாறு மடங்கு. மெகாஹெர்ட்ஸ் விஷயத்தில் பதினாறு என்ற எண் தற்செயலாக வராது.

காரணம்

கடையிலிருந்து புதிதாக வருகிற ஏடிமெகா328பி தன் உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும், வெளியே நீங்கள் எத்தனை கிரிஸ்டல் மாட்டினாலும் திரும்பிப் பார்க்காது. எந்தக் கடிகாரம் என்பதைச் சொல்வது சிப்புக்குள் இருக்கும் ஃபியூஸ் அமைப்பு. பெயர்தான் ஃபியூஸ், எரிந்துபோகிற சமாச்சாரம் இல்லை, மாற்றி எழுதலாம். வெள்ளிக்கிழமை தோழன் 'பர்ன் பூட்லோடர்' கொடுத்தபோது பூட்லோடரோடு ஃபியூஸும் மாறி, சிப் வெளிக் கிரிஸ்டலுக்கு, அதாவது 16க்கு, வந்துவிட்டது. நம் பையனின் லேப்டாப்பிலோ வியாழக்கிழமை வைத்த 1 மெகாஹெர்ட்ஸ் தேர்வு அப்படியே இருந்தது. ப்ரோகிராமை ஏற்றும்போது அந்தத் தேர்வு ஃபியூஸைத் தொடாது. டிலே கணக்கை மட்டும் அதை வைத்துப் போடும். அதனால் எல்லாக் காத்திருப்பும் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. சந்தேகம் வேண்டாமென்று ஏவிஆர்டியூட் என்கிற மென்பொருள் மூலம் ஃபியூஸைப் படித்தோம். புது சிப்பில் கீழ் ஃபியூஸ் 62 என்று இருக்கும், இதில் எஃப்எஃப் என்று வந்தது.

எல்சிடிக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதை அவனுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இந்த வகை எல்சிடியில் எச்டி44780 வகைக் கன்ட்ரோலர் இருக்கிறது. அதற்குத் தனிக் கடிகாரம், சுமார் 270 கிலோஹெர்ட்ஸ், நம் சிப்பின் அவசரம் அதற்குத் தெரியாது. மின்சாரம் வந்ததும் 40 மில்லிவிநாடி மூச்சுவிட வேண்டும், முதல் கட்டளைக்குப் பிறகு 4.1 மில்லிவிநாடி, திரையை அழிக்கும் கட்டளைக்கு 1.52 மில்லிவிநாடி. ஆர்டுயினோவின் லிக்விட்கிரிஸ்டல் லைப்ரரி இவற்றுக்குத் தாராளமாகவே 50, 4.5, 2 என்று காத்திருக்கிறது. பதினாறால் வகுத்தால் இவை 3 மில்லிவிநாடி சொச்சம், 0.28, 0.125. எல்சிடி கண்ணைத் திறப்பதற்குள் சிப் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறது. மேல்வரிசைக் கட்டம் என்பதற்கு, மின்சாரம் வந்திருக்கிறது, கான்ட்ராஸ்ட் இருக்கிறது, கட்டளை மட்டும் சேரவில்லை என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வியாழக்கிழமை முதல்முறை ஏற்றியபோது, எல்இடி சோம்பேறியாக இருந்த அந்த நேரத்தில், கடிகாரம் எல்சிடிக்குப் பிரச்சினையே இல்லை. மெதுவாகச் சொன்னால் எல்சிடி பொறுமையாகக் கேட்கும். அன்றைக்கு 5 வோல்ட்டும் ஆர்டபிள்யூ கிரவுண்டும் மட்டும் இருந்திருந்தால் எழுத்து வந்திருக்கும்.

இரண்டாவது முடிவு

இரண்டு வழி இருந்தது. ஃபியூஸைத் திரும்ப 1 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம், அல்லது லேப்டாப்பின் தேர்வை 16க்கு மாற்றலாம். நான் இரண்டாவதைச் சொன்னேன். கிரிஸ்டல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஊனோவில் சோதித்த ப்ரோகிராம் 16க்காக எழுதியது, மேலும் இரவு பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஃபியூஸில் கைவைத்து ஒரு எழுத்து தப்பினால், இல்லாத கடிகாரத்தை எதிர்பார்த்து சிப் வாய்பொத்திக்கொள்ளும் அபாயம் உண்டு. மாற்றுச் சிப் என்னிடம் இல்லை.

ஊனோ என்று தேர்ந்தெடுத்து ஏற்றியதும் எல்இடி 200 மில்லிவிநாடிக்குத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் எல்சிடியை எடுத்தோம், பையன் செத்துவிட்டது என்று ஒதுக்கிய முதல் எல்சிடியை. பிரீசெட்டை மெல்லத் திருப்பினேன், எல்சிடியின் மூன்றாம் காலில் 0.8 வோல்ட் வாக்கில் எழுத்து தெளிந்தது.

"அண்ணே, பழைய டிஸ்ப்ளேண்ணே இது!"

விளைவு

ஞாயிறு காலை சார்ஜரைப் பத்து முறை பிடுங்கிச் செருகச் சொன்னேன். எட்டாவது முறை மறுபடி கட்டம். ரீசெட் கொடுத்தால் சரியானது. சார்ஜர் 5 வோல்ட்டுக்கு ஏறுவதற்குள் சிப் பேச ஆரம்பித்துவிடுகிறது என்று ஊகித்து, ப்ரோகிராமில் எல்சிடியைத் துவக்கும் வரிக்கு முன்னால் 300 மில்லிவிநாடி காத்திருப்பு ஒன்று போட்டோம். அப்புறம் முப்பது முறை செருகியும் தவறவில்லை. ஊகம் சரிதானா என்று நான் அளந்து பார்க்கவில்லை, பலன் கிடைத்தது, விட்டுவிட்டேன்.

இரண்டாவது எல்சிடி அழுத்தினால் மட்டும் எரிந்ததற்குக் காரணம் அற்பமானது. ஹெடரை (வரிசையான உலோகக் கால்கள்) எல்சிடியின் துளையில் செருகியிருந்தானே தவிர சோல்டர் வைக்கவில்லை. என் மேசையிலேயே பதினாறு காலையும் சோல்டர் வைத்தான், அதுவும் ஓடியது.

புதன்கிழமை செயல்விளக்கம் சிக்கலில்லாமல் முடிந்தது என்று போனில் சொன்னான். ஆர்டுயினோ போர்டு எங்கே என்று கேட்டார்களாம், சிப்பைக் காட்டினானாம்.

அடுத்த முறை

இப்படி யாராவது பிரெட்போர்டோடு வந்தால், மல்டிமீட்டருக்கு முன்னால் பேனாவை எடுப்பேன். என்றைக்கு எது ஓடியது, அதற்குப் பிறகு எதை மாற்றினாய், யாருடைய லேப்டாப்பிலிருந்து ஏற்றினாய். மூன்றாவது கேள்வியை நான் அன்று கேட்டதே கடைசியில்தான், அதுவும் பதினாறு மடங்கு தெரிந்த பிறகு.

எல்இடி சோதனையில் 200 மில்லிவிநாடி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணையட்டும். பதினாறு மடங்கு வேகமானால் அது படபடவென்று துடிப்பது கண்ணுக்கே தெரியும், மெதுவானாலும் தெரியும். 200ஐப் பதினாறால் வகுத்தால் 12.5, விநாடிக்கு நாற்பது தடவை, கண் ஏமாந்துவிடுகிறது. நானும் ஏமாந்தேன்.

எல்சிடிக்கு இவ்வளவு வயர் எதற்கு, பின்னால் பிசிஎஃப்8574 சிப் வைத்த ஐ2சி (இரண்டே சிக்னல் வயரில் பேசும் முறை) பலகை ஒட்டி நாலே வயரில் முடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடிக்கலாம், ஆர்டபிள்யூ தொங்கியது போன்ற கோளாறு குறையும். கடிகாரக் குழப்பம் மட்டும் அங்கேயும் தொடரும், அந்த லைப்ரரியும் டிலேயை நம்பித்தான் ஓடுகிறது.

பையன் இப்போது பிரெட்போர்டின் ஓரத்தில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி "16, வெளிக் கிரிஸ்டல், என் லேப்டாப்" என்று எழுதிவைத்திருக்கிறான்.